வேலூர் வெயிலில் செரிமான என்சைம் மருந்துகள்: வைக்கும் இடமும் விழுங்கும் வேளையும்

அக்னி நட்சத்திரம் பிறந்த வாரத்தில் ஒரு நாள், உணவைச் செரிக்கும் என்சைம்களைக் கணையம் போதிய அளவு சுரக்காததால் என் தந்தையாருக்காக வாங்கிய கணைய என்சைம் கேப்ஸ்யூல் புட்டியை ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் போட்டு, காட்பாடி ரயில் நிலையத்து வண்டி நிறுத்துமிடத்தில் காலை ஒன்பது மணிக்கு விட்டுச் சென்றவன், மாலை ஆறு மணிக்குத்தான் வந்து எடுத்தேன். குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டிய புட்டி ஊமையாக இருந்தது. திறந்து பார்த்தபோது கேப்ஸ்யூல்கள் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாகிக் கிடந்தன. லேபிளில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதிக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்ததால், விலை கொடுத்து வாங்கிய மருந்தாயிற்றே என்று அவற்றைப் பிரித்தெடுத்து அவருக்குக் கொடுத்துவந்தோம். இரண்டு வாரத்துக்குள், கொழுப்பு செரிக்காததன் அடையாளமாக, மலம் மீண்டும் எண்ணெய்ப் பசையோடு தண்ணீரில் மிதக்கத் தொடங்கியது. அளவைக் கூட்டலாமா என்று யோசிப்பதற்கு முன் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, புட்டியை எங்கே வைத்திருந்தீர்கள் என்பதுதான்.

காலாவதித் தேதி என்பது தனித்து நிற்கும் வாக்குறுதி அன்று. அதன் அருகிலேயே, படிக்கக் கண்ணாடி தேவைப்படும் அளவு சிறிய எழுத்தில், 25 டிகிரி செல்சியசுக்கு மிகாத இடத்தில், ஈரமும் வெளிச்சமும் படாமல் வைக்குமாறு ஒரு நிபந்தனை அச்சிடப்பட்டிருக்கும். அந்த நிபந்தனை காப்பாற்றப்படும் வரைதான் அந்தத் தேதிக்கு மதிப்பு. நம் நாட்டு மருந்து விதிகளின்படி ‘குளிர்ந்த இடம்’ என்றால் 10 முதல் 25 டிகிரி வரை என்று பொருள். 8 டிகிரிக்கு மிகாத இடத்துக்கு வேறு சொல் உண்டு, அது பிரிட்ஜைக் குறிக்கும். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று இந்த ஊரைப் பற்றி நாமே கேலியாகச் சொல்லிக்கொள்கிறோம். பகலெல்லாம் காய்ந்த அந்தப் பாறை மலைகள் இரவிலும் அனல் வீசும்போது, மே மாதத்து வேலூரில் ஏசி இல்லாத வீட்டில் 25 டிகிரி உள்ள மூலை எது என்று தேடினால் கிடைக்காது. ஆகவே, இருப்பதில் வெப்பம் குறைந்த இடத்தைக் கண்டுபிடிப்பதும், அங்கே மருந்து கிடக்கும் நாட்களைக் குறைப்பதும்தான் நம் கையில் உள்ளவை.

என்சைம் ஒரு புரதம். சூடு பட்ட முட்டையின் வெள்ளைக்கரு எப்படி மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாதோ, அப்படியே உருக்குலைந்த என்சைமும், பிறகு எவ்வளவு குளிரில் வைத்தாலும், திரும்புவதில்லை. ஈரம் இன்னொரு வகையில் கெடுக்கிறது. கணைய மருந்தில் மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேசும், கொழுப்பைச் செரிக்கும் லிப்பேசும், புரதத்தைச் செரிக்கும் புரோட்டியேசும் ஒன்றாக உள்ளன. உலர்ந்திருக்கும் வரை மூன்றும் அடங்கிக் கிடக்கும். ஈரம் பட்டதும் புரோட்டியேஸ் விழித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் மற்ற இரண்டும் புரதங்களே என்பதால், அவற்றையே செரிக்கத் தொடங்கிவிடும். மூன்றில் மிக எளிதில் நலிவது லிப்பேஸ், நோயாளிக்கு மிக அவசியமானதும் அதுவே. இவ்வளவு நடந்தாலும் மருந்தில் நாற்றமோ கசப்போ பெரும்பாலும் தோன்றாது என்பதுதான் சங்கடம். கெட்ட பால் திரிந்து காட்டிக்கொடுக்கும். கெட்ட என்சைம் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை.

வைக்கும் இடத்தை ஊகத்தால் முடிவு செய்ய வேண்டாம். அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறிய கருவி ஒன்றை வாங்கி, நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில் வைத்து, பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும் பாருங்கள். என் வீட்டில் மேற்குச் சுவரை ஒட்டிய மர அலமாரிதான் பாதுகாப்பானது என்று நினைத்திருந்தேன். அந்தச் சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்திருந்து இரவு ஒன்பது மணிக்குத்தான் உள்ளே விடுகிறது என்பது கருவியைப் பார்த்த பிறகே தெரிந்தது. பொதுவாக, தரைத்தளத்தில், வெளிச்சுவர் இல்லாத உள்ளறையில், இடுப்புக்குக் கீழே உள்ள தட்டு நல்லது. பரண், மாடி அறை, சிமென்ட் ஷீட் வேய்ந்த அறை, டிவிக்கு மேற்புறம், பிரிட்ஜின் தலை ஆகியவை கூடவே கூடாது. அடுப்படி அலமாரி, சாப்பாட்டுக்கு முன் நினைவு வரும் என்று பலர் தேர்ந்தெடுக்கும் இடம். குக்கர் ஆவியும் அடுப்பின் சூடும் ஒன்றாகச் சேரும் இடமும் அதுதான். பூஜை மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் மாத்திரையை வைக்கும் பெரியவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லி மாற்றுவது அவரவர் சாமர்த்தியம்.

பிரிட்ஜைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். லேபிளில் பிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள். சொல்லாத மருந்தைப் புட்டியாகவே உள்ளே வைத்து, வேளைக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் திறந்தால், குளிர்ந்த சொம்பின் மேல் முத்து முத்தாக நீர் கோப்பதுபோலக் கேப்ஸ்யூலின் மேலும் ஈரம் படியும். வெப்பத்திலிருந்து தப்பித்த மருந்து ஈரத்தில் அகப்பட்டுக்கொள்ளும். கோடையில் வேறு வழியே இல்லையென்றால், மருந்தாளுநரிடம் கேட்டுக்கொண்டு, திறக்காத இருப்பை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஃப்ரீசரிலிருந்து விலகிய கீழ்த்தட்டில் வைக்கலாம். எடுத்த பிறகு அரை மணி நேரம் வெளியே இருக்கவிட்டு, புட்டி அறைச் சூட்டுக்கு வந்த பின்பே மூடியைத் திறக்க வேண்டும். எடுத்ததை மீண்டும் உள்ளே வைக்க வேண்டாம்.

புட்டிக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை இடத்தை அடைக்கிறது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மாதத்து அடைமழையில் அதுதான் காவல். ஒரு வாரத்துக்கான மாத்திரைகளைப் பிளாஸ்டிக் கட்டப் பெட்டியில் பிரித்து வைக்கும் பழக்கம் மற்ற மருந்துகளுக்குச் சரியாக இருக்கலாம், ஆனால் என்சைம் கேப்ஸ்யூலை ஒரு நாள் தேவைக்கு மேல் புட்டியிலிருந்து பிரிக்காமல் இருப்பதே நல்லது. கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால், தேதியும் பேட்ச் எண்ணும் அச்சிட்ட பக்கத்தையே கேட்டு வாங்குங்கள். மூன்று மாதத்து மருந்தை மொத்தமாக வாங்கினால் சற்றுத் தள்ளுபடி கிடைக்கும் என்பது உண்மைதான். மார்ச் முதல் ஜூன் வரை அந்தத் தள்ளுபடி வேண்டாம் என்பது என் கருத்து. ஏசி உள்ள மருந்துக்கடை அந்த இருப்பை உங்களைவிட நன்றாகக் காப்பாற்றும். சிகிச்சைக்காக இங்கே வந்து லாட்ஜில் தங்கி, வங்கத்துக்கோ அசாமுக்கோ ஊர் திரும்பும்போது பல மாத மருந்தை வாங்கிச் செல்பவர்கள், அதை ஜன்னலோரத்திலும் தகரப் பெட்டியிலும் வைக்காமல், துணிகளின் நடுவே கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிரப்பின் கதை வேறு. நம் கடைகளில் கிடைக்கும் பல செரிமான சிரப்புகளில் பூஞ்சையிலிருந்து எடுத்த, அமிலேஸ் வகையைச் சேர்ந்த டயஸ்டேசும், அதோடு புரதத்தைச் செரிக்கும் பெப்சினும் இருக்கும். டயஸ்டேஸ் 1:1200 என்று லேபிளில் இருந்தால், ஒரு கிராம் டயஸ்டேஸ் 1200 கிராம் மாவுச்சத்தைச் செரிக்கும் திறனுடையது என்று பொருள். இத்தகைய டயஸ்டேசை மருந்தாக 1890களில் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியவர் ஜோகிச்சி தக்காமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர். தண்ணீரில் கரைந்திருக்கும் என்சைம், உலர்ந்த நிலையில் இருப்பதைவிட விரைவாகத் திறன் இழக்கும் என்பதால், திறந்த சிரப்பை லேபிளில் குறித்த நாட்களுக்குள் முடிக்க வேண்டும். ஏதும் குறிக்கவில்லையென்றால் நான் ஒரு மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். திறந்த அன்றே மார்க்கர் பேனாவால் தேதியைப் புட்டியின் மேல் எழுதிவிடுங்கள். போன தீபாவளிக்குத் திறந்த புட்டியை இந்தப் பொங்கல் பலகாரத்துக்கும் எடுக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தேதியில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று கொள்ள வேண்டும்.

கைவசம் உள்ள டயஸ்டேஸ் மாத்திரைக்கு உயிர் இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. சோற்றுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, இரண்டு டம்ளர்களில் சமமாக ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் மாத்திரையைப் பொடித்துப் போட்டு, தனித்தனிக் கரண்டிகளால் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். திறனுள்ள டயஸ்டேஸ் என்றால் அந்த டம்ளரில் கஞ்சி நீர்த்து, கரண்டியிலிருந்து தண்ணீராக வழியும். பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு விட்டால், மாத்திரை போடாத கஞ்சி கருநீலமாகும். மற்றது நிறம் வெளுத்தோ செம்பழுப்பாகவோ நிற்கும். இரண்டும் ஒரே கருநீலமானால் மாத்திரை செத்தது. வாயில் வைத்த கரண்டியைப் பயன்படுத்தினால் சோதனை பொய்த்துவிடும், ஏனெனில் உமிழ்நீரிலும் அமிலேஸ் இருக்கிறது. எச்சில் பட்ட சோறு நீர்த்துப்போகும் என்று பாட்டிமார் சொன்னது இதைத்தான். கரி கலந்த கறுப்பு மாத்திரைக்கு இந்தச் சோதனை உதவாது. கணைய கேப்ஸ்யூலுக்கும் உதவாது, அதில் அறிய வேண்டியது லிப்பேசின் நிலை. சோதித்த கஞ்சியை யாரும் குடிக்காதபடி உடனே கொட்டிவிடுங்கள்.

இனி வேளை. கணைய என்சைம் உணவோடு கலந்து சிறுகுடலுக்குள் போக வேண்டிய பொருள், ஆகவே வெறும் வயிற்றிலோ, சாப்பிட்டுக் கை கழுவி ஒரு மணி நேரம் கழித்தோ விழுங்கினால் பயனில்லை. ஒரு வேளைக்கு இரண்டு கேப்ஸ்யூல் என்று மருத்துவர் எழுதியிருந்தால், முதல் கவளத்தோடு ஒன்றும், பாதிச் சாப்பாட்டில் ஒன்றும் என்று பிரிப்பது நல்லது. நம் சாப்பாட்டு முறையில் இதை நினைவில் வைப்பது எளிது: பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்ததும் ஒன்று, சாம்பார் முடிந்து ரசத்துக்குச் சோறு வாங்கும்போது இன்னொன்று. கல்யாணப் பந்தியில் இலை போட்டவுடன் விழுங்கிவிட்டு, பரிமாறுபவருக்காகக் கால் மணி நேரம் காத்திருக்க நேர்வதுண்டு. இலையில் சோறு விழும் வரை கேப்ஸ்யூல் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். நான்கு மணிக்குச் சாப்பிடும் பஜ்ஜியும் வடையும் கொழுப்புள்ள உணவுதான் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. சிற்றுண்டிக்கு வழக்கமாக வேளை அளவில் பாதி சொல்லப்படுகிறது. ஆம்பூர் பிரியாணிக்கும் இரண்டு இட்லிக்கும் ஒரே அளவு போதாது, ஆனால் எவ்வளவு கூட்டலாம் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் மிக அதிக அளவு பெருங்குடலைச் சுருங்கச் செய்த நிகழ்வுகள் உண்டு.

செரிமான மருந்து என்றாலே வெந்நீரோடு விழுங்குவது நம் பழக்கம். கணைய கேப்ஸ்யூலுக்கு அது பொருந்தாது. சாதாரணத் தண்ணீர் போதும், சூடான காபியும் வேண்டாம். கேப்ஸ்யூலுக்குள் உள்ள மணிகளின் மேற்பூச்சு, வயிற்று அமிலத்தைத் தாங்கி, அமிலம் குறைந்த சிறுகுடலில், அதாவது பிஎச் 5.5-க்கு மேல் போனதும் கரையும்படி செய்யப்பட்டது. விழுங்க இயலாதவர்களுக்குக் கேப்ஸ்யூலைத் திறந்து கொடுக்க மருத்துவர் அனுமதித்தால், மணிகளை நசுக்காமல், ஒரு கரண்டி புளித்த தயிரிலோ ஆப்பிள் கூழிலோ தூவி உடனே விழுங்கச் செய்து, பின் தண்ணீர் கொடுக்க வேண்டும். பாலிலும் பாயசத்திலும் கலந்தால் பூச்சு அங்கேயே கரைந்து, வயிற்றில் போய் லிப்பேஸ் அழிந்துவிடும். மணிகள் வாயில் தங்கினால் நாக்கும் ஈறும் புண்ணாகும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான லாக்டேஸ் மாத்திரையைப் பால் உணவின் முதல் வாயோடு எடுக்க வேண்டும். லாக்டேஸ் சொட்டு மருந்தைக் கொதிக்கும் பாலில் விட்டால் அது அப்போதே வீணாகிவிடும்.

வேளை மறந்துவிட்டால், சாப்பாடு முடியும் தறுவாயில் நினைவு வந்தாலும் அப்போதே எடுக்கலாம். அதற்கு மேல் தாமதமானால் விட்டுவிட்டு, அடுத்த வேளைக்கு வழக்கமான அளவை மட்டும் எடுக்க வேண்டும், இரட்டிப்பாக்கக் கூடாது. வயிற்று அமிலத்தைத் தணிக்க எடுக்கும், கால்சியம், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட் கணைய என்சைமின் பயனைக் குறைக்கக்கூடும் என்பதால், இரண்டையும் எடுப்பவர்கள் இடைவெளியைக் கேட்டறிய வேண்டும். சர்க்கரைக்காக அகார்போஸ் எடுப்பவர்கள் டயஸ்டேஸ் சிரப்பைத் தாமாக வாங்கிக் குடிக்கக் கூடாது, மாவுச்சத்துச் செரிமானத்தை ஒன்று தடுக்க, மற்றது முடுக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் பப்பாளி, அன்னாசி என்சைம் மாத்திரைகளுக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருந்து எடுத்தும் மலத்தில் எண்ணெய் மிதந்தாலோ எடை குறைந்தாலோ, மருத்துவரிடம் போகும்போது புட்டியையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். அது எப்போது திறக்கப்பட்டது, எந்த அறையில் இருந்தது, வெயிலில் வண்டியில் கிடந்ததா என்பதையும், எந்தக் கவளத்தோடு கேப்ஸ்யூல் விழுங்கப்படுகிறது என்பதையும் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். என் தந்தையாருக்கு அளவைக் கூட்டவில்லை. புதுப் புட்டியைத் திறந்த பத்தாம் நாள் பழைய நிலைக்கு வந்துவிட்டார்.