தெற்கத்திய பீன்ஸில் வினிகர் கடைசியில்தான்

அமெரிக்கத் தென் மாநிலங்களில் பீன்ஸை நறுக்கென்று விடமாட்டார்கள், நன்றாகக் குழைய வேகவிடுவார்கள். அரை கிலோ பீன்ஸைக் காம்பு கிள்ளி, நார் உரித்து, இரண்டாக ஒடித்துக்கொள்ளுங்கள். நான்கு துண்டு பேக்கனை, அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியை, சிறு தீயில் வதக்கினால் கொழுப்பு உருகி வரும். அதிலேயே வெங்காயம் வதக்கி, பீன்ஸ் போட்டு, ஏறக்குறைய மூழ்குமளவு தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். பச்சை மங்கி ஆலிவ் நிறம் வரும். பயப்படாதீர்கள், அதுதான் பதம்.

பேக்கனிலேயே உப்பு உண்டு, அதனால் கடைசியில் ருசி பார்த்து உப்புப் போடுங்கள். வினிகர் விடுவதானால் இறக்கிய பிறகுதான். புளிப்பு முன்பே சேர்ந்தால் பீன்ஸ் லேசில் மெத்தென்று வேகாது. அப்புறம், அந்தச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள்! சோள ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிட அத்தனை ருசி.