பத்து லிட்டர் பதநீரும் ஒரு காலைப் பொழுதும்

சென்ற ஆண்டு பங்குனியில் என் அக்காள் மகள் கனடாவில் இருந்து வந்தபோது, உள்ளங்கை உயரக் கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கொடுத்தாள். மேப்பிள் பாகு. ஒரு விரல் தொட்டு நக்கினேன். "அடியே, இது நம் கூப்பனி அல்லவா!" என்றேன். பதநீரைப் பாதி காய்ச்சிக் குழைவாக இருக்கும்போது இறக்கினால் வருவதைத்தான் இங்கே கூப்பனி என்போம். மணம் வேறு, புகை வேறு. ஆனால் நாக்கு உறவு கண்டுபிடித்துவிட்டது.

அவள் விவரமாகச் சொன்னாள். அங்கே பனிக்காலம் முடிகிற வேளையில், பிப்ரவரிக் கடைசியில் இருந்து ஏப்ரல் வரை, இரவு உறைந்து பகல் இளகும் நாட்களில்தான் மேப்பிள் மரத்தில் நீர் ஓடுமாம். மரத்தில் சிறு துளையிட்டுக் குழாய் செருகிப் பிடிப்பார்களாம். அதில் இனிப்பு நூற்றுக்கு இரண்டு பங்குதான் என்பதால், நாற்பது லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. "நாற்பதுக்கு ஒன்றா? விறகுக்கு எங்கே போவார்கள்?" என்றுதான் முதலில் கேட்டேன். சர்க்கரைக் கொட்டகையில் ஊரே கூடிச் சாப்பிடுமாம். கொதிக்கும் பாகைப் பனிக்கட்டி மேல் ஊற்றிக் குச்சியில் சுருட்டிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்களாம். அங்கே பனி, இங்கே பனை. மற்றபடி பதநீர் காய்ச்சும் எங்கள் குடிசையில், விடிலியில், நடப்பதும் அதேதான்.

"சித்தி, நீங்கள் செய்வதை எழுதிவையுங்கள்" என்றாள். அவளுக்காக எழுதத் தொடங்கினேன். பங்குனி சித்திரையில் ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கம் சொந்தம் பார்க்க வருகிறவர்கள், ஒரு காலைப் பொழுதில் பத்து லிட்டர் பதநீரைக் கருப்பட்டியாக்கிப் பார்ப்பதற்கும் இது போதும்.

முதலில் ஒரு விஷயம். பதநீரை வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போய்க் காய்ச்சலாம் என்று நினைக்காதீர்கள். வெயிலில் பஸ் ஏறிய பதநீர் ஊர் சேரும்முன் புளித்துவிடும். மரத்தடியில் இருந்து அடுப்புக்கு ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும். எனவே பனையேறிக்கு முந்தின நாளே சொல்லிவையுங்கள். விடியும்முன் ஏறி, ஆறரை ஏழுக்குள் இறக்கிவிடுவார்கள். ஆண்பனையில் பாளை முந்தி வரும், பெண்பனையில் பிந்தி வரும். தை மாசியில் தொடங்கி ஆடி வரை எப்படியும் ஏதோ ஒரு மரம் சுரந்துகொண்டிருக்கும். ஆனால் மேற்கில் இருந்து வீசும் கச்சான் காற்று கடுமையாகிவிட்டால் மரத்தின் உச்சி ஊஞ்சல் ஆடும். அந்த மாதங்களில் போய் "இன்னும் இரண்டு லிட்டர் கூடுதலாகக் கிடைக்குமா?" என்று கேட்காதீர்கள். என் கணவர் முப்பது வருடம் ஏறியவர். பாளையின் நுனியை வெங்காயத் தோல் கனத்துக்குச் சீவுவார். ஒரு நாள் தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், ஒரு வேளை சீவாமல் விட்டால் சுரப்பு அடைத்துக்கொள்ளும். மேப்பிள் மரத்தில் துளை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அக்காள் மகள் சொன்னதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கருப்பட்டியின் ருசி அடுப்பில் தீர்மானமாவதில்லை. பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பில் தீர்மானமாகிறது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விழுவது கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால், சுண்ணாம்பு எங்களுக்கு ருசியும் சட்டமும் சேர்ந்த பொருள். குறைந்தால் பதநீர் புளித்துப் பாகு இறுகாது. கூடினால் கருப்பட்டி கறுத்து நாக்கைக் கடிக்கும். கல்யாணமாகி வந்த முதல் வருடம், பயத்தில் கை நிறையச் சுண்ணாம்பு அள்ளித் தடவினேன். ஒரு நாள் கருப்பட்டி முழுவதும் தார்க்கட்டி போல வந்தது. மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த ஒரு மாதம் வீட்டுக் காப்பிக்கு அதைத்தான் போட்டார்.

அவர் சொல்லிக்கொடுத்த சோதனை இது: ஒரு கரண்டிப் பதநீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். மஞ்சளாகவே இருந்தால் நல்லது. குங்குமம் போலச் சிவந்தால் சுண்ணாம்பு மிகுதி. அந்தப் பதநீரைக் குடிக்க வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம். அடுத்து மூக்கு. புளிப்பு வாடையோ பொங்கு நுரையோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல பதநீரை அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் சுண்ணாம்பு மாவு போல அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் இரட்டையாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். அடியில் கலங்கலாக நிற்கும் ஒரு செம்பை விட்டுவிடுங்கள், பேராசை வேண்டாம்.

சட்டி அகலமாக இருக்க வேண்டும். இரும்பு சிறந்தது, அடிகனமான எவர்சில்வரும் ஆகும், அலுமினியம் ஆகாது. சுண்ணாம்பு அதை அரிக்கும். பத்து லிட்டருக்கு இருபத்தைந்து லிட்டர் கொள்ளும் சட்டி என்றால் சிலர் சிரிக்கிறார்கள். பொங்கி அடுப்பை அணைத்த பிறகு சிரிப்பு நின்றுவிடும். விறகுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. கண்மாயையும் ஊருணியையும் அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக்கருவேல் நன்றாக நின்று எரியும். அதை வெட்டி எரிப்பதில் எனக்கு ஒரு தனித் திருப்தி உண்டு. காவோலையும் பனைமட்டையும் தொடக்கத்தில் தீப்பிடிக்க வைக்க உதவும். அடுப்பின் வாய் காற்றுக்கு எதிர்த்திசையில் இருந்தால்தான் தீ சட்டிக்கு அடியில் நிற்கும்.

முதல் அரை மணியில் அழுக்கு நுரை வெண்மையாகத் திரளும். அகப்பையால் ஒதுக்கி எடுங்கள். பிறகு பால் போலப் பொங்க ஆரம்பிக்கும். அப்போது இரண்டு ஆமணக்கு விதையை நசுக்கித் துணியில் முடிந்து, நுரைமேல் ஒரு சுற்றுத் தொட்டு எடுங்கள். சொன்னபடி கேட்டு அடங்கும். விதையைச் சட்டிக்குள் விட்டுவிடாதீர்கள், அது நச்சு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் துருவிய தேங்காய் ஒரு பிடி போடுங்கள், அதன் எண்ணெய்ப் பசையும் நுரையை அமர்த்தும். மேப்பிள்காரர்கள் இதற்கு ஒரு சொட்டு வெண்ணெய் விடுவார்களாம்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் பெரிய வேலை இல்லை. இந்த இடைவெளியில்தான் கொண்டாட்டம். கிளிமூக்கு மாங்காயைக் கீறி ஒரு தூக்கில் போட்டு, குளிர்ந்த பதநீரை ஊற்றி ஊறவிடுங்கள். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடியுங்கள். டம்ளரில் குடித்தால் பதநீர், பட்டையில் குடித்தால் பதநீர்க் காலம். கொதிக்கும் சட்டியில் இருந்து நான்கு கரண்டி எடுத்துத் தனிப் பானையில் பச்சரிசியும் பாசிப்பயறும் தேங்காய்ப்பூவும் போட்டுக் குழைய வேகவைத்தால் கஞ்சி ஆயிற்று. வெல்லம் வேண்டாம், ஏலக்காயும் வேண்டாம். அன்றைக்கு மரம் ஏறியவருக்கு முதல் பட்டை, பிறகு விருந்தாளி. இது எங்கள் வீட்டு வழக்கம், யாரும் மாற்றச் சம்மதிக்க மாட்டேன்.

இரண்டு மணி நேரம் ஆனபின் சட்டியை விட்டு நகரக் கூடாது. நிறம் வைக்கோலில் இருந்து செங்கலுக்கு மாறும். பெரிய குமிழ்கள் மறைந்து சிறிய குமிழ்கள் நெருங்கி வரும். இந்த இடத்தில் இறக்கினால் கூப்பனி. தோசைக்கு ஊற்றிக்கொள்ள ஒரு புட்டி எடுத்துவைக்கலாம். அக்காள் மகள் கொண்டுவந்த வெப்பமானியில், தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட நான்கு டிகிரி கூடினால் மேப்பிள் பாகு தயாராம். நாங்கள் அதைத் தாண்டிப் போக வேண்டியவர்கள். எரியும் விறகை வெளியே இழுத்துவிட்டுக் கங்குகளை மட்டும் வையுங்கள், துடுப்பால் அடி தொட்டுத் துழாவிக்கொண்டே இருங்கள். குமிழ்கள் "பொத்... பொத்..." என்று சோம்பலாக வெடிக்கும். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுங்கள். கரைந்தால் இன்னும் காயவில்லை. இழுபட்டால் இன்னும் கொஞ்சம். விரலில் உருண்டு, அந்த உருண்டையை எவர்சில்வர் தட்டில் போட்டால் "டங்" என்று ஒலித்தால் பதம் வந்துவிட்டது. மூன்றுக்கும் இடையே சில நிமிடங்கள்தான். தொலைபேசி அடித்தால் எடுக்காதீர்கள். நான் ஒருமுறை எடுத்தேன். அன்று கருப்பட்டிக்குப் பதிலாகக் கரி கிடைத்தது.

இறக்கிய உடனே ஊற்றக் கூடாது. சட்டியின் ஓரத்தில் துடுப்பால் தேய்த்துத் தேய்த்துக் கிளறினால், ஓரம் வெளுத்துப் பாகு கனக்கும். முந்தின இரவே தண்ணீரில் ஊறவைத்த சிரட்டைகளை ஈர மணலில் பதித்து வரிசையாக வைத்திருக்க வேண்டும். ஊறாத சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி வெளியே வராது, சிரட்டையோடு சேர்த்துக் கடிக்க வேண்டியதுதான். முக்கால் மணி நேரத்தில் இறுகும். கவிழ்த்து ஒரு தட்டு. பத்து லிட்டருக்கு ஒரு கிலோவோ, கொஞ்சம் கூடவோ கிடைக்கும்.

இதைக் கொண்டுபோய்க் கடையில் வாங்கியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உடைத்தால் உள்ளே மங்கலான பழுப்பு. கடையில் சில கருப்பட்டிகள் உடைத்த இடத்தில் கண்ணாடித்தூள் போல மினுக்கும். சீனி கலந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். கலப்பில்லாத கருப்பட்டி விலை கூடத்தான் செய்யும். பத்து லிட்டர், மரம் ஏறி இறங்கும் உடம்பு, மூன்று மணி நேரத் தீ. கணக்குப் போட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கருப்பட்டியும் இனிப்புதான். சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லது என்று சொல்லி விற்கிறவர்களை நம்பாதீர்கள்.

சாம்பலை வெண்டைச் செடிக்குத் தூவுங்கள். நுரை அழுக்கை மாட்டுக் கழுநீரில் ஊற்றலாம். ஆவணி புரட்டாசியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளை மழைக்குமுன் கண்மாய்க் கரையில் புதைப்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வேலை. மரம் பாளை விட பதினைந்து வருடமாவது ஆகும். மேப்பிள் மரத்தில் துளையிட நாற்பது வருடம்கூட ஆகும் என்று அக்காள் மகள் சொன்னதும், பிள்ளைகளுக்குக் காத்திருப்பு சிறியதாகத் தெரிந்தது. பனை மாநில மரம். அதை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. அறிவிப்பு நல்லது. கரையில் கொட்டை புதைக்கிற கை அதைவிட நல்லது.

கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் அடுக்கி அடுப்புக்கு மேலே பரணில் வையுங்கள். ஐப்பசி மழையில் கசிய ஆரம்பித்தால் பானைக்கு மாற்றி வாயைக் கட்டுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் அது வேர்த்து ஒழுகும்.

கடைசியாக, சட்டியைத் தேய்க்கத் தொடங்காதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் பாகில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, சுக்கும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டு, கங்கின் சூட்டிலேயே கொதிக்க விடுங்கள். மாலையில் எல்லோருக்கும் அதுதான் காப்பி. சட்டியும் தானே கழுவிக்கொள்ளும்.