சிக்னல் கோடு நிறைய இருந்தால் போதுமா? போனில் நாம் விடும் தவறுகள்

போன மாரி முடிந்து மூன்று மாதம் கழித்து, கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு அக்கா தன் போனை மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிற எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். “தம்பி, வெள்ளத்து நேரம் சிக்னல் நிக்குதில்ல எண்டு மகன் என்னமோ மாத்தி விட்டான். கோல் எடுக்கலாம், வட்ஸ்அப்தான் இழுபடுது” என்றார். செட்டிங்ஸைத் திறந்தால் ‘2ஜி மட்டும்’ என்று கிடந்தது.

வெள்ளத்தில் மகன் செய்தது சரியான வேலைதான். கோபுரங்கள் தடுமாறுகிற நேரத்தில் பேச முடிவதே பெரிய காரியம், பற்றரியும் மிஞ்சும். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகும் அப்படியே விட்டுவிட்டார்கள். எதிரே இருப்பது உண்மையான நெட்வேர்க்தானா என்று அந்த மூன்று மாதமும் அந்தப் போன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வட்ஸ்அப் இழுபட்டது அக்காவுக்குத் தெரிந்தது, இது தெரியவில்லை. எங்கள் கடைக்கு வருகிற பெரும்பாலானவர்களுக்கும் தெரிவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

4ஜியில் போன் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்கிறது? சிம் அட்டைக்குள் 128 பிட் நீளமான ஒரு இரகசிய எண் இருக்கிறது. அதன் மறுபிரதி, கம்பனியின் மைய வலையமைப்பில், அதாவது ‘கோர்’ என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. அந்த எண் ஒருபோதும் காற்றில் போவதில்லை. போன் இணைய வந்தால், கோர் ஒரு எழுந்தமானமான எண்ணையும் அதோடு ஒரு சான்றையும் அனுப்பும். அதே இரகசியத்தை வைத்திருக்கிற ஒருவர் செய்த சான்றுதானா, முன்பு யாரோ பதிந்து வைத்ததைத் திருப்பி அனுப்புகிறார்களா என்று சிம் கணக்குப் போட்டுப் பார்க்கும். சரி என்றால்தான் தன் பதிலைக் கொடுக்கும். பதில் பொருந்தினால் கோரும் சிம்மை ஏற்றுக்கொள்ளும்.

பலர் இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். போன் திருத்தப் படிக்க வருகிற பிள்ளைகள்கூட இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆளை அடையாளம் கண்டது ஒரு வேலை, இனிப் பேசுவதைப் பாதுகாப்பது வேறொரு வேலை. அதற்காகக் கோர் அடுத்ததாக ஒரு கட்டளை அனுப்புகிறது: “இனி இந்தப் பூட்டு, இந்த முத்திரை.” பூட்டு என்று நான் சொல்வது பிறர் வாசிக்க முடியாமல் மறைப்பதை. முத்திரை என்பது யாரும் நடுவில் மாற்றவில்லை என்பதற்கான அடையாளம். எந்தப் பூட்டு என்பதையே இந்தக் கட்டளையிலிருந்துதான் போன் அறிய வேண்டும், அதனால் கட்டளை பூட்டாமல்தான் வரும். ஆனால் முத்திரையோடு வரும்.

அந்தக் கட்டளைக்குள் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. போன் முதன்முதலில் கோரிடம் “எனக்கு இன்னின்ன பூட்டுகள் தெரியும்” என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கும். ஸ்னோ 3ஜி, ஏஇஎஸ், ஸூக் என்பவை 4ஜியில் இருக்கிற மூன்று பூட்டுகள். அந்தப் பட்டியல் போகும்போது பாதுகாப்பு எதுவும் இல்லை. நடுவில் ஒருவன் நல்ல பூட்டுகளை அழித்துவிட்டால் கோர் ஏமாந்து போகும். அதனால் கோர் தன் கையில் கிடைத்த பட்டியலை முத்திரையிட்ட கட்டளைக்குள் திருப்பிச் சொல்லுகிறது. போன் அதைத் தான் அனுப்பியதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு பூட்டு குறைந்தாலும் மறுத்துவிடும். எல்லாம் பொருந்தினால் “முடிந்தது” என்ற பதிலை முத்திரையிட்டு, தெரிந்தெடுத்த பூட்டையும் போட்டு அனுப்பும். அதன் பிறகு ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு, பழையதை எடுத்து மீண்டும் செலுத்த முடியாது.

இவ்வளவையும் செய்வது டவர் என்று நினைப்பது அடுத்த தவறு. மண்முனையில் பாலம் வருமுன் படுவான்கரைக்குத் தோணியில் போனவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். ஒட்டிய கடிதத்தைக் கொடுத்தால் தோணிக்காரர் அக்கரையில் சேர்ப்பார், பிரித்துப் பார்க்க மாட்டார். போனும் கோரும் பேசிக்கொள்வதை டவர் அப்படித்தான் கொண்டுபோகிறது. வானொலி அலை வழிக்கென்று டவரோடு தனியாக ஒரு பாதுகாப்பும் உண்டு, அதுவும் சிம்முக்கும் கோருக்கும் மட்டும் தெரிந்த அந்த இரகசிய எண்ணை வைத்து உண்டாக்கிய திறப்புகளிலிருந்து (சாவிகளிலிருந்து) பிறப்பதுதான். ஆகவே டவர் பக்கத்தில் நிற்கிறது, கோடுகள் நிறைய இருக்கின்றன என்பதை வைத்துப் பாதுகாப்பை அளக்கக் கூடாது. மோசடிக்காரர் வைக்கிற போலி டவர் உங்கள் பக்கத்தில் நின்றாலும் கோடுகள் நிறையத்தான் காட்டும்.

இப்போது 2ஜிக்கு வருவோம். அதில் கோர் சிம்மைச் சோதிக்கும். சிம் கோரைச் சோதிக்க வழியே கிடையாது. இரு பக்கச் சோதனை 3ஜியோடுதான் வந்தது. 2ஜியில் “பூட்டு வேண்டாம்” என்று எதிரே இருப்பவன் சொன்னால் போன் கேட்டுக்கொள்ளும். பூட்டு இருந்தாலும், ஏ5/1 என்ற பழைய பூட்டைச் சாதாரணக் கணினியால் உடைக்கலாம் என்று 2009, 2010 அளவிலேயே பகிரங்கமாகக் காட்டிவிட்டார்கள். வாகனத்துக்குள் சிறிய போலி டவர் வைத்து, சுற்றியுள்ள போன்களை 2ஜிக்கு இழுத்து, வங்கியின் பெயரில் மோசடி மெசேஜ் அனுப்பியவர்கள் லண்டனிலும் பாங்கொக்கிலும் பிடிபட்டிருக்கிறார்கள். அந்த மெசேஜ் கம்பனியின் வழியாக வரவே இல்லை, அதனால் கம்பனியின் வடிகட்டியும் அதைப் பிடிக்காது.

அன்ட்ரொயிட் 12 முதல் பல போன்களில் சிம் செட்டிங்ஸுக்குள் ‘2ஜியை அனுமதி’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்து வையுங்கள். அணைத்தாலும் அவசர அழைப்பு 2ஜியில் போகும். ஐபோனில் ஐஓஎஸ் 17 முதல் லொக்டவுன் மோட் 2ஜியை நிறுத்துகிறது, ஆனால் அது வேறு பலவற்றையும் கட்டுப்படுத்தும், எல்லோருக்கும் தேவையில்லை. உங்கள் ஊரில் 2ஜி மட்டும்தான் எட்டுகிறது என்றால் சுவிட்சைப் போட்டே வையுங்கள். தொடர்பு அறுந்து கிடப்பதை நான் ஒருநாளும் பரிந்துரைக்க மாட்டேன். டவுனுக்கு வரும்போது அணைத்தால் போதும்.

பழைய சிம்மை வெட்டிப் பாவிப்பதும் இங்கே நிறைய. ஏறாவூரிலிருந்து வந்த ஒரு காக்காவின் புதுப் போனில் 4ஜி வரவே இல்லை. சிம் தட்டை இழுத்துப் பார்த்தால், கத்தரிக்கோலால் நறுக்கிய அட்டை. ஓரம் பிசிறடித்து, தங்கநிறத் தகட்டின் விளிம்பு வரை வெட்டு வந்திருந்தது. பல வருடம் பழைய நம்பர், மீன் வியாபாரம் முழுக்க அதில்தான். மாற்றினால் நம்பர் போய்விடும் என்று பயம். வெட்டியதால் வந்த பழுது இல்லை அது. அந்த அட்டை 2ஜிக் காலத்தது, நெட்வேர்க்கைச் சோதிக்கிற கணக்கே அதற்குத் தெரியாது. அப்படிப்பட்ட அட்டையை 4ஜி உள்ளே விடுவதில்லை. அடையாள அட்டையோடு போனால் அதே நம்பருக்குப் புது சிம் தருவார்கள், உள்ளே புது இரகசிய எண் இருக்கும். 3ஜிக் காலத்தில் எடுத்த சிம் என்றால் பெரும்பாலும் பயமில்லை.

4ஜி வந்தால் எல்லாம் மறைந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். அவசர அழைப்பைத் தவிர மற்ற நேரங்களில் போனும் நெட்வேர்க்கும் பரிமாறும் கட்டளைகளுக்கு முத்திரை கட்டாயம், பூட்டு அப்படியில்லை. ‘பூட்டு இல்லை’ என்பதே ஒரு தெரிவாக விதியில் இருக்கிறது. மேலே சொன்ன பூட்டு, முத்திரை ஒப்பந்தம் முடியுமுன் நடக்கிற பேச்சு வெளிப்படையானது. போலி டவர் ஒன்று “உன் சிம்மின் நிரந்தர எண் என்ன?” என்று கேட்டால் 4ஜி போன் சொல்லிவிடும். இது அந்த இரகசிய எண் இல்லை, சிம்மை அடையாளம் காண்கிற எண். 5ஜி அந்த எண்ணை மறைத்து அனுப்ப வழி செய்திருக்கிறது. ஆனால் திரையில் 5ஜி என்று காட்டினாலும் பின்னால் இருப்பது 4ஜி கோர் என்றால் அந்த மறைப்பு கிடைக்காது.

கடைசியாக ஒன்று, இதில்தான் பணம் போகிறது. இந்தச் சோதனை முழுவதும் சிம்முக்கும் கோருக்கும் நடுவில். உங்கள் பெயரில் வேறொருவன் மாற்று சிம் எடுத்துவிட்டால், அவன் கையில் உள்ள அட்டை எல்லாச் சோதனையிலும் நேர்மையாகத் தேறும். வங்கியின் ஓடிபி அவனுக்குப் போகும். அதனால் அடையாள அட்டைப் பிரதியை யாருக்குக் கொடுத்தாலும் குறுக்கே கோடு இழுத்து, எதற்குக் கொடுத்தது என்று எழுதிக் கொடுங்கள். வீட்டில் அதே கம்பனி சிம் வைத்திருக்கிற மற்றவர்களுக்குச் சிக்னல் இருக்க, உங்கள் போனில் மட்டும் திடீரென ‘சேவை இல்லை’ என்று வந்தால் மழையின் மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள். பக்கத்து ஆளின் போனில் உடனே கம்பனிக்கும் வங்கிக்கும் எடுங்கள்.

கொக்கட்டிச்சோலை அக்காவின் போனை 4ஜிக்கு மாற்றிக் கொடுத்தேன். “அப்ப அடுத்த மாரிக்கு?” என்று கேட்டார். “சிக்னல் நிக்காட்டி மகனிட்டச் சொல்லி மாத்துங்க அக்கா. தண்ணி வடிஞ்ச அண்டைக்கே திருப்பி வைங்க” என்றேன். அதையே ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லி, மடித்துப் போன் கவருக்குள் வைத்துக்கொண்டு போனார்.