லடாக் பனிக்காலத்தில் கேமரா: முதல் முறை போகிறவர்களுக்கு

ஜனவரி, பிப்ரவரியில் லடாக் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "என் கேமரா அந்தக் குளிரைத் தாங்குமா?" என்பதுதான். பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். லடாக்கின் முக்கிய நகரமான லேயில் அந்த மாதங்களில் இரவு வெப்பநிலை மைனஸ் 15-ஐ ஒட்டி இறங்குவது சாதாரணம். 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாங்கோங் ஏரிக்கரையில் இன்னும் குறையும். ஆனாலும் கவலைப்படாதீர்கள், தாங்கும். குளிர் மட்டும் கேமராவை எளிதில் கெடுத்துவிடாது. அது முடக்குவது பேட்டரியை. கேமராவைக் கெடுப்பது, குளிரிலிருந்து சூடான அறைக்குள் போகும்போது உள்ளே சேரும் ஈரம். அதனால் கேமரா குளிரிலேயே இருக்கட்டும், பேட்டரி கதகதப்பாக இருக்கட்டும். கீழே உள்ள படிகளில் முக்கால்வாசி இதிலிருந்து வருபவைதான்.

1. கிளம்பும் முன்பு

கேமராவோடு சேர்த்து குறைந்தது மூன்று பேட்டரி வேண்டும். விமானத்தில் உதிரி பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். கேமராவும் லென்ஸும் சேர்ந்து நுழையும் அளவுக்குப் பெரிய ஜிப் லாக் கவர், சில சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், தூசி ஊதும் ரப்பர் ப்ளோயர், மைக்ரோஃபைபர் துணி ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

கையுறை இரண்டு அடுக்காக இருக்கட்டும்: உள்ளே விரலோடு ஒட்டிய மெல்லியது, அதன்மேல் தடிமனானது. உள் கையுறையைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்), ஃபோகஸ் பாயின்ட், எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) மூன்றையும் மாற்றிப் பழகுங்கள். மெனுவுக்குள் தேட வேண்டிய எதையும் வெளியே இருக்கும் ஒரு பட்டனுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். விரல் மரத்த பிறகு மெனுவில் தேட முடியாது.

2. பேட்டரி

லித்தியம் அயான் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் குளிரில் மந்தமாகி, அயனிகள் நகர்வது குறைகிறது. உள்ளே மின்தடை ஏறி வோல்டேஜ் சரிகிறது. கேமரா அதைப் பார்த்து 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று அணைந்துவிடும். உண்மையில் சார்ஜ் உள்ளேதான் இருக்கிறது. உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

எனவே உதிரி பேட்டரிகள் பையில் இருக்கக் கூடாது. மேல் ஜாக்கெட்டும் போதாது, அதற்குள்ளே போட்டிருக்கும் ஃப்ளீஸ் சட்டையின் பாக்கெட்டில், உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். முழு சார்ஜ் உள்ளவை வலது பாக்கெட்டில், கேமராவிலிருந்து கழற்றியவை இடதில் என்று பிரித்து வைத்தால் குழப்பம் வராது. சாவி, சில்லறைக் காசு கூடவே வேண்டாம், முனைகளில் உரசி ஷார்ட் ஆகலாம்.

கேமராவில் வைஃபை, ஜிபிஎஸ், எடுத்த படத்தை உடனே காட்டும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். உலே, ரும்பாக் கிராமங்கள் பக்கம் பனிச்சிறுத்தைக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும்போது, பேட்டரியைக் கழற்றி உள் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். நான் அதைச் சொல்லமாட்டேன். சிறுத்தை பாறை மேல் தலை தூக்கும் நேரத்தில் பேட்டரி மாட்டிக்கொண்டிருக்க முடியாது. கேமராவை ஸ்லீப்பில் விட்டு, அடிக்கடி பேட்டரி மாற்றுங்கள்.

கை சூடாக்கும் ஹாட் பேக் பொட்டலங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சூடாகின்றன. உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் அங்கே அவ்வளவு சூடு தராது. அதை மட்டும் நம்பாதீர்கள்.

3. வெளியே

கேமராவை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ளாதீர்கள். உள்ளே வியர்வை ஈரம் இருக்கும், அது குளிர்ந்த கண்ணாடியில் படியும். வெளியிலேயே தொங்கட்டும்.

லென்ஸில் பனித்துகள் விழுந்தால் வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் கண்ணாடியிலேயே உறைந்துவிடும், துடைத்தாலும் லேசில் போகாது. ப்ளோயரால் ஊதித் தள்ளுங்கள். வியூஃபைண்டரில் கண் வைக்கும்போதும் மூச்சைப் பக்கவாட்டில் விடுங்கள். அலுமினிய டிரைபாட் என்றால் கால்களின் மேல்பகுதியில் ஃபோம் சுற்றிக்கொள்ளுங்கள், வெறும் கையால் தொடவே வேண்டாம்.

4. பனி வெள்ளையாக வர

கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதனால்தான் பனிப் படங்கள் அழுக்காகத் தெரிகின்றன. சட்டகம் முழுக்கப் பனி என்றால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராம் (படத்தின் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) வலப்பக்கம் நெருங்கலாம், ஓரத்தில் முட்டி நிற்கக் கூடாது. பழுப்புப் பாறைச் சரிவில் அங்கங்கே மட்டும் பனி இருந்தால் இவ்வளவு ஏற்றத் தேவையில்லை. RAW (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) வடிவத்தில் எடுங்கள், நிழலில் விழும் நீலத்தை அப்புறம் சரிசெய்யலாம்.

5. அறைக்குத் திரும்பும்போது

இதுதான் மிக முக்கியமான படி. சென்னையில் ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்தவுடன் லென்ஸ் மூடுபனியாகிவிடுமே, அதேதான், இங்கே இன்னும் கடுமையாக நடக்கும். லடாக்கின் வெளிக் காற்று வறண்டது. ஆனால் ஹோம்ஸ்டேயின் சமையலறையில் அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பு எரியும், அதன்மேல் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும், பக்கத்தில் துக்பா (நூடுல்ஸ் சூப்) வேகும், சுற்றிப் பத்துப் பேர் மூச்சு விடுவார்கள். மைனஸ் 15-இல் இருந்து வந்த கேமரா அங்கே நுழைந்தால், லென்ஸின் மேல் மட்டுமல்லாமல் உள்ளேயும் நீர் படியலாம்.

கதவுக்கு வெளியே நின்றே மெமரி கார்டையும் பேட்டரியையும் கழற்றுங்கள். கேமராவை ஜிப் லாக் கவரில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, மூடுங்கள். அப்புறம் உள்ளே போங்கள். இனி ஈரம் கவரின் வெளிப்பக்கத்தில்தான் படியும். குறைந்தது இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள், தூரத்தில் இருப்பதை எடுக்கும் பெரிய டெலி லென்ஸ் என்றால் இன்னும் அதிகம். அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். கார்டு கையில் இருப்பதால் படங்களை அதற்குள் பார்த்துவிடலாம்.

நடுவில் ஒரு டீ குடிக்க மட்டும் உள்ளே போகிறீர்கள் என்றால், கேமராவை வெளியே பாதுகாப்பான இடத்தில் பையோடு விட்டுவிடுவதே மேல்.

6. இரவில் சார்ஜ்

ஜில்லென்று இருக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜரில் போடாதீர்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகப் பாழாகும். அறைச் சூட்டுக்கு வந்தபின் போடுங்கள், புகாரி மேல் வைத்துச் சூடாக்க வேண்டாம். படுக்கப் போகும்போது பேட்டரிகளையும் பவர் பேங்கையும் ரஜாய்க்குள் (பஞ்சுப் போர்வைக்குள்) வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை அறை உறைந்து கிடக்கும்.

இத்தனைக்கும் பிறகு கேமராவுக்குள் ஈரம் சேர்ந்துவிட்டால், ஆன் செய்யாதீர்கள். பேட்டரியை எடுத்துவிடுங்கள், லென்ஸைக் கழற்ற வேண்டாம். ஹேர் டிரையரும் வேண்டாம். அடுப்புக்கு அருகில் இல்லாத உலர்ந்த அறையில் அப்படியே விடுங்கள். ஈரத்தோடு திரும்பக் குளிருக்கு எடுத்துப் போனால் அது உள்ளேயே உறைந்துவிடும் என்பதால், ஒரு நாள் படமெடுப்பு போனாலும் பரவாயில்லை, முழுக்கக் காயும்வரை வெளியே எடுக்காதீர்கள்.