ஒரு பேய்ப்படத்தை எடைபோடுவது எப்படி

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் சில நண்பர்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் படம் பார்ப்பது வழக்கம். மற்ற படங்களைப் பற்றி ஒரு மணி நேரம் வாதிடுகிறவர்கள், பேய்ப்படம் முடிந்ததும் "பயமாக இருந்தது" அல்லது "பயமே இல்லை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எனக்கு இது நெடுநாளைய வருத்தம். இல்லாத ஒன்றை இரண்டு மணி நேரம் நம்பவைக்க வேண்டிய இந்த வகைப் படம் திரைக்கலையில் மிகக் கடினமானது என்பதால், அதன் நிறைகுறைகளை நிதானமாகப் பார்ப்பதற்கு நான் கைக்கொள்ளும் முறையை இங்கே எழுதுகிறேன்.

பார்க்கும் சூழலை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். லோக்கல் ரயிலில் கைபேசியில் பார்த்துவிட்டு ஒரு திகில் படத்தைக் குறைசொல்வது அதற்குச் செய்யும் அநீதி. விளக்கை அணைத்து, கைபேசியை வேறு அறையில் வைத்து, முடிந்தால் நல்ல ஹெட்ஃபோனுடன் பாருங்கள். இந்தி, மலையாளப் படங்களை டப்பிங்கில் பார்க்காமல், மூல ஒலியில் சப்டைட்டிலோடு பார்ப்பது நல்லது. மூச்சும் முணுமுணுப்பும் அச்சத்தின் பாதி என்பதால், குரல் மாறினால் படமே மாறிவிடும்.

முதல் முறை பார்க்கும்போது ஆராயாதீர்கள், படத்துக்கு உங்களை ஒப்புக்கொடுங்கள். உடல் தூக்கிவாரிப் போட்ட இடங்களை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே இடங்களை ஒலியை முழுவதுமாக அணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். திடீரென்று எழும் பெருஞ்சத்தத்துக்கு எந்த மனித உடலும் அதிரும்; பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட அதைச் செய்துவிடும். ஆகவே சத்தம் போனதும் வெறுமையாகிவிடும் காட்சிக்கு மதிப்பெண் தர வேண்டியதில்லை. ஒலியில்லாமலும் அந்த அறையின் மூலையைப் பார்க்க மனம் தயங்கினால், அங்கே ஒளிப்பதிவாளரும் கலை இயக்குநரும் உண்மையாக உழைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்ததாக நான் பார்ப்பது, என் கருத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது: படத்தில் வரும் அமானுஷ்ய சக்திக்கு ஒரு சட்டம் இருக்கிறதா? அது எப்போது வரும், எதைக் கேட்கும், எதற்குக் கட்டுப்படும் என்பதை உங்களால் ஓரிரு வரியில் எழுத முடிய வேண்டும். 2018இல் வெளியாகி, 2024 செப்டம்பரில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்த 'தும்பாட்' படம் இதற்குச் சிறந்த பாடம். மகாராஷ்டிரத்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் அந்தக் கதையில், பொன்னைப் பெற்று தானியத்தைப் பெற முடியாமல் போன ஹஸ்தர் என்ற தேவியின் மகன் என்றென்றும் பசியோடு இருக்கிறான். கோதுமை மாவுப் பொம்மையைக் காட்டினால் வருவான். மாவினால் இட்ட வட்டத்துக்குள் அவனால் நுழைய முடியாது. அவன் தின்னும் நேரத்துக்குள் அவன் இடுப்புத் துணியிலிருந்து பொற்காசுகளைப் பறித்துக்கொள்ள வேண்டும். அவன் தீண்டினாலோ மனிதன் சாகவும் முடியாமல் சிதைவான். இந்தச் சட்டத்தை இயக்குநர் ராஹி அனில் பர்வே கடைசி வரை ஓரிடத்திலும் தளர்த்தவில்லை. முடிவில் நேரும் பேரழிவும் அதே சட்டத்தை மனிதன் தன் பேராசைக்காக நீட்டிப் பார்ப்பதனால்தான் விளைகிறது. சட்டம் தெரிந்த பின்புதான் பார்வையாளருக்குப் பயம் கூடுகிறது, ஏனென்றால் வட்டத்தைத் தாண்டி ஒரு கால் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம் முன்கூட்டியே அறிந்திருக்கிறோம். நினைத்த இடத்தில் தோன்றி நினைத்ததையெல்லாம் செய்யும் பேய்க்கு இந்த வலிமை ஒருநாளும் வராது.

இடத்தையும் அதே கவனத்தோடு பாருங்கள். ஒரு தாளில் கதை நடக்கும் வீட்டின் வரைபடத்தை வரைய முயலுங்கள். சமையலறை எந்தப் பக்கம், படுக்கையறைக் கதவு எதை நோக்கித் திறக்கிறது என்று உங்களால் வரைய முடிந்தால், இயக்குநர் அந்த வீட்டை உங்களுக்குள் கட்டிவிட்டார். எங்கள் பழைய கட்டடத்தின் லிஃப்டில் இன்றும் இழுத்து மூடும் இரும்புக் கதவுதான் இருக்கிறது. இரவு பதினொன்றரைக்கு வேலை முடிந்து வருகிறவர் அதை இழுத்துச் சாத்தும்போது, ஒவ்வொரு தளத்தின் இருட்டும் கம்பிகளின் இடைவெளி வழியே மெல்லக் கீழிறங்குவதைப் பார்ப்பார். ஒரு மும்பை அடுக்குமாடி வீட்டைக் களமாகக் கொண்டு, பாட்டுகளே இல்லாமல் 2003இல் வந்த 'பூத்' படம் இப்படிப்பட்ட அன்றாடத்திலிருந்தே தன் அச்சத்தை எடுத்துக்கொண்டது. 2009இல் விக்ரம் குமார் இயக்கிய 'யாவரும் நலம்' படத்தில், புது வீட்டுக்குக் குடிவந்தவர் தனியாக ஏறினால் மட்டும் லிஃப்ட் நகர மறுக்கும், வீட்டில் பால் திரிந்துபோகும். இவை மிகச் சிறிய அறிகுறிகள். ஆனாலும் நம் வீட்டிலும் நடக்கக்கூடியவை என்பதாலேயே பாழடைந்த பங்களாவைவிட ஆழமாக இறங்குகின்றன.

பேய் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் என்ன குறை இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். கடன், தீராத துக்கம், மறைத்த ஒரு செயல், அளவில்லாத ஆசை என்று ஏதோ ஒன்று கதாபாத்திரங்களை ஏற்கெனவே அரித்துக்கொண்டிருந்தால், அமானுஷ்யம் அந்த விரிசல் வழியாக நுழையும். பேயை நீக்கிவிட்டாலும் மிஞ்சுகிற கதை ஒன்று இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல்.

நம் மொழிப் படங்களில் பெரும்பாலும் சறுக்குகிற இடம் இடைவேளைக்குப் பின் வரும் பிளாஷ்பேக். அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருவரின் கதை இருபது நிமிடம் விரியும்போது அதுவரை சேர்ந்த அச்சம் வடிந்துவிடுகிறது. அந்தப் பகுதி நமக்குப் புதிதாக எதையாவது உணர்த்துகிறதா, அல்லது பழிவாங்கலுக்கு அனுமதிச் சீட்டு மட்டும் எழுதித் தருகிறதா என்று பாருங்கள். மிஷ்கினின் 'பிசாசு' (2014) அந்த வழக்கத்தைத் திருப்பிப்போட்டு, ஆவிக்குப் பழியைத் தராமல் பரிவைத் தந்ததாலேயே எனக்கு மிகவும் நெருக்கமான படம். நகைச்சுவை கலந்த பேய்ப்படங்களுக்கும் இதே கேள்வி போதும். இறந்தவரின் வலியைக் கேலி செய்யாதவரை சிரிப்பு குறையாகாது.

இறுதித் தீர்ப்பை அன்றிரவே எழுதாதீர்கள். ஒரு நாள் கழித்து, யாருடைய கருத்தையும் கேட்பதற்கு முன், நினைவில் தானாக எழும் மூன்று காட்சிகளை எழுதுங்கள். அவற்றில் எத்தனை திடுக்கிட வைத்த இடங்கள், எத்தனை அமைதியான இடங்கள் என்று எண்ணிப் பாருங்கள். 'தும்பாட்' மறுவெளியீட்டுக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். படம் முடிந்து மழையில் வீடு திரும்பும் வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை சப்பாத்திக்கு மாவு பிசைந்தவர், முதல் உருண்டையைப் பலகையில் வைக்காமல் சற்று நேரம் உள்ளங்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.