மூலையில் அடங்கிக் கிடக்கும் குட்டியை எடுக்காதீர்கள்: சேவை நாய் தேர்வில் செய்யும் தவறுகள்

போன வாரம் ஓர் இளைஞர், சக்கர நாற்காலியில் இருக்கும் தன் தங்கைக்கு அன்றாட வேலைகளில் உதவும் சேவை நாயாகப் பழக்க எடுத்த லாப்ரடார் குட்டியைக் கொண்டுவந்து காட்டினார். "ஏழு குட்டியில இதுதான் சார் சத்தமே போடாம இருந்துச்சு" என்றார். எனக்குப் பகீரென்றது. 11 வருடத்துக்கு முன் நானும் இதையே சொல்லித்தான் ஒரு குட்டியைத் தூக்கி வந்தேன். தடுப்பூசி, இடுப்பு எக்ஸ்ரே போன்ற உடல்நல விஷயங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒடுங்கியதை அமைதி என்று நினைப்பது

என் குட்டி சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தது. மூக்கருகே கோழித்துண்டு நீட்டினேன், வாங்கவில்லை. அடக்கமான பிள்ளை என்று பூரித்துப்போனேன். பயத்தில் உறைந்த நாய் பசித்தாலும் வாய் திறக்காது என்பது அப்போது தெரியாது. 14 மாதம் பயிற்சி கொடுத்தேன். வீட்டுக்குள் எல்லாம் கச்சிதம். ஒரு மருத்துவமனை வாசலில் தானியங்கிக் கதவு சர்ரென்று திறந்ததும் நான்கு காலையும் ஊன்றிப் பின்வாங்கியது. நகம் தரையைக் கீறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கயிறு இழுபட்டு, அதைப் பிடித்தபடி சக்கர நாற்காலியில் இருந்தவர் ஒருபக்கமாகச் சரிந்தார். நாயைக் குற்றம் சொல்ல முடியாது. எடுத்தவன் நான்.

திடுக்கிடாத குட்டியைத் தேட வேண்டாம். திடுக்கிட்டபின் எவ்வளவு சீக்கிரம் மீள்கிறது என்று பாருங்கள். சாவிக்கொத்தைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். துள்ளி விலகட்டும், பரவாயில்லை. சில நொடியில் திரும்பி வந்து மோந்து பார்த்தால் சரி. வாலை இடுக்கிக்கொண்டு, உதட்டை நக்கி, கொட்டாவி விட்டால் அது தூக்கக் கொட்டாவி அல்ல, பதற்றம்.

தாயைப் பார்க்காமல் எடுப்பது

பயந்த சுபாவம் குட்டிக்கும் வரலாம். தாய் அந்நியரைக் கண்டு ஒளிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

7 வாரச் சோதனையையே முழுதாக நம்புவது

குட்டிக்கு 7 வாரமாகும்போது அதன் சுபாவத்தைப் பார்க்கச் செய்யும் இந்தச் சோதனை ஒரு குறிப்பு, அவ்வளவுதான். சுபாவம் நிலைபெற ஒன்றரை, இரண்டு வயதாகும். பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளிகளே தாங்கள் வளர்த்த குட்டிகளில் பலவற்றைப் பாதியில் விலக்குகின்றன. உங்களிடம் இருப்பதோ ஒன்று. முடிந்தால் வளர்ந்த நாயாகவே பாருங்கள்.

காவல் குணத்தை விசுவாசம் என்பது

உறுமும் நாய், மயங்கி விழுந்தவரிடம் மருத்துவ உதவியாளரைக்கூட நெருங்க விடாது.

பாவம் பார்ப்பது

பாவமாகத் தெரியும் குட்டியை வீட்டில் வளர்க்க எடுங்கள். வேலைக்கு வேண்டாம்.

அந்த இளைஞரின் குட்டி முன்னும் சாவிக்கொத்தைப் போட்டோம். மேசைக்கடியில் போய்ப் படுத்தது. 20 நிமிடம் வெளியே வரவில்லை. அது அவர்கள் வீட்டுச் செல்லமாக இருக்கட்டும். தங்கைக்கு வேறு நாய் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.