மணாலி போய் சோலாங்கில் ஒருநாள் பனிச்சறுக்கு

டெல்லி மயூர் விஹாரிலிருந்து அக்கா பிள்ளைகளைக் கூட்டிப்போக நான் தேர்ந்தெடுப்பது ஜனவரி, பிப்ரவரிதான். வெள்ளி மாலை காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தில் வால்வோ பஸ் ஏறினால் மறுநாள் காலை இமாச்சலத்து மணாலி. அங்கிருந்து சோலாங் பள்ளத்தாக்கு சுமார் 13 கி.மீ.

வழிகாட்டியோடு வண்டி பேசும்போதே சறுக்குக் கட்டை, பூட்ஸ், பயிற்சியாளர் கூலி எல்லாம் சேர்த்தா, தனியா என்று கேட்டுவிடுங்கள். கடும்பனி நாளில் சாதாரணக் கார்களை வழியிலுள்ள நேரு குண்டிலேயே நிறுத்திவிடுவார்கள். மேலே போக நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை உள்ள (4x4) வண்டி வேண்டும். அதற்கு யார் பணம் என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். காலை எட்டுக்கெல்லாம் கிளம்பிவிடுவது நல்லது.

பனி உடை வழியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கையுறையும் கம்பளிக் காலுறையும் மட்டும் சொந்தமாக இருக்கட்டும், வாடகைக் கையுறை பெரும்பாலும் ஈரமாக இருக்கும். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணையும் முகத்தையும் சுட்டுவிடும்.

சரி, சறுக்கு. சமதளத்தில் நடந்து பழகிவிட்டு, முதலில் சறுக்கும்போது வேகத்தைக் குறைத்து நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, முழங்காலை மடக்கி உள்விளிம்பை அழுத்தினால் வேகம் குறையும். முதுகைப் பின்னால் சாய்க்கவே கூடாது. கட்டை கட்டுப்பாட்டை மீறி ஓடும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் விழுங்கள். பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், பெரியவர்களுக்குத்தான் பொறுமை வேண்டும். பயிற்சியாளர் போதும் என்று சொல்லும்வரை மேல் சரிவுக்கு ஏறாதீர்கள்.

மதியத்துக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், ஆறினாலும் ருசிக்கும்.